ராஜபாளையம் நாயை 'அடக்கித் தருகிறேன்' என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை

மதுரைப் பக்கம் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை நாய்கள் வளர்ப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். "உங்க நாய் உங்களை மதிக்கவே இல்ல சார், கொஞ்ச நாள் என்கிட்ட விடுங்க, காலடியில கிடப்பான்" என்று ஒரு டிரெய்னர் 25,000 ரூபாய் பேசி, பாதியை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு எங்கள் ராஜபாளையம் நாய் வீராவை அவருடைய ஹாஸ்டலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நேரில் போய்ப் பார்க்கக் கூடாது, ஓனர் முகத்தைப் பார்த்தால் பழக்கியதெல்லாம் கெட்டுவிடுமாம். வீடியோ மட்டும் வரும்.

அந்த வீடியோக்களில் வீரா மல்லாந்து கிடப்பான். அவர் கழுத்தில் கை வைத்து அழுத்தியபடி "பாருங்க, அடங்கிட்டான்" என்பார். வால் வயிற்றோடு ஒட்டி, கண்ணின் வெள்ளை தெரிய, உதட்டை நக்கிக்கொண்டே கிடக்கிற நாய் அடங்கிய நாய் இல்லை, பயத்தில் உறைந்துபோன நாய். கேட்டால், நாய் ஓநாய் வழி வந்தது, அடக்கி ஆளுகிறவனுக்குத்தான் பணியும் என்று ஓநாய்க் கூட்டத்துத் தலைவன் கதை. 1947இல் ஷென்கெல் என்ற விலங்கு ஆய்வாளர் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கதை அது. அதைப் பரப்பியதில் பெரிய பங்கு இருந்த ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் என்று 1999இல் திருத்தி எழுதிவிட்டார். நம்ம ஊர் மாஸ்டர்களுக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை.

சண்டை போட்டுத்தான் வீராவைக் கூட்டிவந்தோம். பெல்ட்டைக் கழற்றினால் கழுத்தைச் சுற்றி முடி கொட்டி, தோல் சிவந்து, ஓரிடத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. யாராவது துண்டை உதறக் கையைத் தூக்கினாலே தரையோடு பதுங்குகிறான். முன்பெல்லாம் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் ஆள் போனால் கண்டுகொள்ளவே மாட்டான், இப்போது உறுமுகிறான்.

கொடுமை என்னவென்றால், கால்நடை டாக்டர் அவனுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் ஆட்டினாலும் வலப்பக்கமே திரும்பினான். இடது காது கேட்கவில்லை போலிருக்கிறது என்றார். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போவது அடிக்கடி நடப்பதுதான், நிறமிக் குறைவோடு சேர்ந்து வருகிற கோளாறு. ஒரு காது மட்டும் கேட்டால், கூப்பிடுவது கேட்கும், எங்கிருந்து என்று பிடிபடாது, அதனால் வேறு எங்கோ பார்ப்பான். இதைத்தான் அந்த ஆள் திமிர் என்று முடிவு கட்டி, கழுத்தை இறுக்குகிற சோக் செயினைச் சுண்டிச் சுண்டி இழுத்திருக்கிறார். நாய் விஷயத்தில் கரை கண்டவராம்!

அதோடு, இது ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்கிற ஜாதி, வெளியாளை லேசில் நம்பாது. அதை யாரோ ஒருவரிடம் விட்டு உங்களை மதிக்கப் பழக்குவது எப்படி? இப்போது கைச்சைகை, நீளக் கயிறு, அவித்த கோழி ஈரல் என்று நாங்களே பழக்குகிறோம், மெதுவாகத் தேறி வருகிறான். பயிற்சிக்கு ஆள் வைப்பதென்றால் முதலில் நாயின் காதைச் சோதியுங்கள். நாய் சொன்னபடி செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். உங்களைப் பக்கத்தில் நிற்கவிடாதவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை, அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் மீதிப் பணம் கேட்டு அவரிடமிருந்து போன் வேறு வந்தது. கழுத்துக் காயத்துக்கு ஆன மருந்து பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், நீல டிக் விழுந்துவிட்டது, பதிலைத்தான் காணோம்.