தண்ணி காட்டும் பந்து: டபுள் எண்ட் பேக், ஒன்பது மாத அனுபவம்

மேலே ஒரு ரப்பர் கயிறு, கீழே ஒரு ரப்பர் கயிறு, நடுவில் மூக்கு உயரத்தில் ஒரு சின்னத் தோல் பந்து. குத்துச்சண்டைப் பயிற்சிக்கான டபுள் எண்ட் பேக் என்றால் இவ்வளவுதான். குத்தினால் பின்னால் போகும், போன வேகத்தில் திரும்பி வந்து உங்கள் முகத்தில் மோதும். முதல் வாரம் நான் பந்தைக் குத்தியதைவிடப் பந்து என்னைக் குத்தியதுதான் அதிகம்.

இதை வாங்கக் காரணம் ஒரே ஒரு ஆள். ஜிம்மில் என்னோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்யும் அண்ணன். வயது நாற்பத்தாறு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓடமாட்டார், குதிக்கமாட்டார். இடது தோளை உயர்த்தித் தாடையை அதற்குப் பின்னால் ஒளித்துவைப்பார். இடது கை வயிற்றுக்குக் குறுக்கே, வலது கை கன்னத்தருகே. ஃபிலி ஷெல் என்பார்களே, அந்த நிலை. நான் வலது கையை விட்டால் தோளை லேசாக உருட்டுவார்; குத்து அவர் முதுகுப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். போன கை திரும்புவதற்குள் அவருடைய வலது என் மூக்கில் இருக்கும். இரண்டு வருடமாக இதே கதை. எனக்கு உயரம் ஐந்தடி நாலங்குலம், கையும் குட்டை. ஜிம்மில் யாரைக் கேட்டாலும் அவர் பக்கம்தான் பந்தயம் கட்டுவார்கள். நானே அப்படித்தான் கட்டுவேன்.

பந்தும் நழுவுகிறது, அவரும் நழுவுகிறார். பந்தைப் பிடித்துவிட்டால் அவரையும் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. கணக்கு பாதிதான் சரி.

முதலில் பொருளைப் பற்றி. நான் வாங்கியது தோல் உறை, உள்ளே காற்றடைக்கும் ரப்பர் பை (பிளாடர்), மேலும் கீழும் ஒவ்வொரு வளையம். தையல் நன்றாக இருக்கிறது, ஒன்பது மாதத்தில் ஒரு இழை பிரியவில்லை. பிளாடர்தான் கொஞ்சம் சோதிக்கிறது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டுக் காற்றடிக்க வேண்டும். காற்று குறைந்தால் பந்து சோம்பேறியாகிவிடும், குத்துவது சுலபமாகிவிடும், நமக்கு ஏதோ திறமை கூடிவிட்டதாகத் தோன்றும். அந்த மாயையில் நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

கூட வந்த கயிறுகள் மோசம். ஏழாவது வாரம் கீழ்க் கயிறு அறுந்து, கொக்கியோடு சேர்ந்து என் முழங்காலில் அடித்தது. முகத்துக்கு வந்திருந்தால் இந்த விமர்சனத்தின் தொனியே வேறு. விற்றவரிடம் கேட்டேன், அதிகமாகப் பயன்படுத்தினால் அப்படித்தான் என்றார். குத்துவதற்கென்றே செய்த பொருளை எவ்வளவு குத்தினால் அதிகம் என்று அவர் சொல்லவில்லை. யார் வாங்கினாலும் சரி, கயிறுகளைத் தனியாக நல்லதாகப் பார்த்து வாங்கி மாட்டுங்கள். ரப்பரில் சின்ன வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். கீழே கட்டுவதற்குத் தரையில் துளை போட வேண்டியதில்லை, ஒரு கனமான எடைத்தட்டு போதும். ஆனால் தட்டு நகரும், அதன் அடியில் ரப்பர் விரிப்பு அவசியம்.

அப்புறம் விறைப்பு. இரண்டு கயிறையும் இழுத்துக் கட்டினால் பந்து விர்ரென்று திரும்பும், ஆனால் வழி மாறாது. தளர்த்திக் கட்டினால் மெதுவாக, கண்ட திசையில் அலையும். புதிதாகத் தொடங்குபவர்கள் இழுத்துக் கட்டுங்கள்.

இரண்டு மாதத்தில் எனக்குப் பந்து பழகிவிட்டது. ஒன்று, இரண்டு, தலையைச் சாய், மறுபடி ஒன்று. தாளம் தப்பாமல் மூன்று நிமிடம் குத்த முடிந்தது. பார்க்கவே அழகாக இருந்தது. அந்த மிதப்போடு அண்ணனுடன் ரிங்கில் இறங்கினேன். முன்பு வாங்கியதைவிட அதிகமாக வாங்கினேன்.

பந்துக்கு ஒரே தாளம்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. போகும், வரும். தற்காப்பில் தேர்ந்த ஆள் போவார், வரமாட்டார். அல்லது நீங்கள் எதிர்பார்ப்பதற்கு அரை நொடி முன்னால் வருவார். நான் சீராகக் குத்தக் குத்த, அந்தச் சீரையே பிடித்துக்கொண்டு அண்ணன் பதில் கொடுத்தார். முடிந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ என் மூஞ்சியையே பாக்குற. அதனாலதான் எனக்கு வேலை கம்மி."

அன்று இரவு உட்கார்ந்து, இதே தோள் உருட்டலுக்குப் பேர்போன மெய்வெதரும் அவரை விரட்டிக் குத்திய மைதானாவும் மோதிய முதல் சண்டையை மறுபடி பார்த்தேன். 2014 மே 3, லாஸ் வேகஸ். குத்துகளை எண்ணும் காம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி மைதானா 858 குத்து விட்டார், 221 பட்டது. நாலில் மூன்று வீண். ஆனாலும் அவர்கள் எண்ணிய மெய்வெதர் சண்டைகளில் அதுவரை யாரும் அத்தனை குத்தை அவர்மேல் இறக்கியதில்லை. அந்த 221 எங்கே பட்டது என்று பார்த்தால் பாதி அழகே இல்லாத குத்து. ரிங்கின் கயிற்றோடு நெருக்கி வைத்துக்கொண்டு உச்சந்தலையில், தோளில், விலாவில், கையின்மேல். வலது கையை நேராக விடாமல் தோளுக்கு மேலே வளைத்து இறக்கினார். தோள் உருட்டலுக்கு அதுதான் எரிச்சல் தரும் குத்து. ஒரு நடுவர் 114-114 என்று சமமாகப் போட்டார், மற்ற இருவரும் மெய்வெதருக்குக் கொடுத்தார்கள்.

ஆக, தோற்றவரிடம்தான் நான் பாடம் படிக்கிறேன். அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடி மோதியபோது மெய்வெதர் கயிற்றோரம் நிற்கவே இல்லை. வருவதும் அணைத்துப் பிடிப்பதும் நகர்வதுமாக இருந்தார், மைதானாவின் 221 வெறும் 128 ஆகச் சுருங்கியது. பலமுறை அடிபட்ட இடத்தில் ஒரு கெட்டிக்காரன் இரண்டாம் முறை நிற்கமாட்டான்.

சரி, நம் பந்துக்கு வருவோம். நான் செய்த முதல் மாற்றம், பந்தைச் சுத்தமாகக் குத்த வேண்டும் என்ற ஆசையை விட்டது. பந்தின் நடுவே பட வேண்டியதில்லை. ஓரத்தில் பட்டாலும் அடுத்த கை உடனே போக வேண்டும். ஒரே குத்தில் விழுத்தாட்டும் எண்ணம் வந்தாலே கை இறுகிவிடும், இறுகிய கையைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். 2010இல் ஷேன் மோஸ்லி இரண்டாவது ரவுண்டில் வலது கையால் மெய்வெதரின் முழங்காலையே மடங்க வைத்தார். அதன்பிறகு அதே மாதிரி இன்னொன்றுக்காகக் காத்திருந்தே மீதி ரவுண்டுகளை விட்டுக்கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது மாற்றம் எடைத்தட்டை ஓர் அடி பக்கவாட்டில் தள்ளி வைத்தது. கயிறு சாய்வாக நிற்பதால் பந்து நேராகத் திரும்பாது, ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இரண்டு ரவுண்டுக்கு ஒருமுறை தட்டின் இடத்தை மாற்றுகிறேன். தாளம் பிடித்துக்கொள்ள அது விடுவதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு பழைய துண்டை நான்காக மடித்து, கீழ்க் கயிற்றில் வயிற்று உயரத்தில் சுற்றி, டேப் ஒட்டினேன். பார்க்க அசிங்கம். பந்தின் வேகமும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இந்தச் சாதனத்தின் பெரிய குறை அதோடு தீர்ந்தது. டபுள் எண்ட் பேக்குக்குத் தலை மட்டும்தான் உண்டு, உடம்பு கிடையாது. தலையை நான்கு அங்குலம் நகர்த்திவிட்டால் குத்து தவறிவிடும். வயிற்றை நான்கு அங்குலம் நகர்த்த வேண்டுமானால் காலும் சேர்ந்து நகர வேண்டும். கால் நகர்ந்தால் நிலை குலையும். இரண்டு பந்து கொண்ட வகையும் கிடைக்கிறது, மேல் பந்து தலைக்கு, கீழ்ப் பந்து வயிற்றுக்கு. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

டியோஃபிமோ லோபஸ் 2020 அக்டோபரில், எளிதில் பிடிபடாத லோமசென்கோவை வென்ற சண்டையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். லோபஸுக்கு அப்போது 23 வயது, பெரும்பாலோர் லோமசென்கோதான் ஜெயிப்பார் என்றார்கள். கிட்டத்தட்டக் காலியான அரங்கம். லோமசென்கோ வழக்கம்போல் எதிராளியைப் படித்துக்கொண்டே மெதுவாகத் தொடங்கினார். படிக்கட்டும் என்று லோபஸ் விடவில்லை: தலையைத் துரத்தாமல் வயிற்றுக்கு ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து), வயிற்றுக்கு வலது என்று ரவுண்டுகளை வாரிக்கொண்டார். லோமசென்கோ விழித்துக்கொண்டபோது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இதில் என்னைக் கவர்ந்தது பன்னிரண்டாவது ரவுண்டு. முன்னணியில் இருப்பவன் ஒதுங்கிப் போகும் நேரத்தில் அந்தப் பையன் 98 குத்து விட்டான், 50 பட்டது.

இதே லோமசென்கோவை அவருடைய இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே, 2014 மார்ச்சில், சாலிடோ என்ற வீரர் வென்றிருந்தார். உடம்போடு உடம்பு ஒட்டி, தோளால் தள்ளி, விலாவிலும் இடுப்பிலும் இடித்து. இடுப்புக்குக் கீழேயும் ஏராளம். எடை வரம்பையும் மீறி வந்திருந்தார். அதை நான் முன்மாதிரியாகச் சொல்லமாட்டேன், ஆனால் அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: குத்தியதும் பின்வாங்காமல் ஓர் அடி உள்ளே போவது. பந்தில் இப்படிப் பழகலாம். குத்துங்கள், திரும்பி வரும் பந்தை முழங்கையாலோ தோளாலோ தடுத்து, துண்டில் இரண்டு கொடுங்கள். நிறைய குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்குத் தற்காப்புக்குப் பேர்போன வில்லி பெப்பின் பெயர் தெரிந்திருக்கும். 1948இல் சாண்டி சாட்லர் அவரை நான்காவது ரவுண்டில் வீழ்த்தியபோது பெப் அதற்கு முன் ஒரே ஒரு சண்டையில்தான் தோற்றிருந்தார். சாட்லரும் இந்த ஒட்டல் வேலைக்காரர்தான். நான்கு முறை மோதி மூன்றில் ஜெயித்தார்.

இந்தச் சாதனம் கற்றுத்தரவே முடியாத ஒன்றும் இருக்கிறது: பாவ்லா. தோளை அசைத்து, கண்ணை வயிற்றில் வைத்து, குத்துவதுபோலக் காட்டிக் குத்தாமல் இருப்பது. பந்துக்கு முன்னால் என்ன பாவ்லா காட்டினாலும் அது சும்மா தொங்கும். ஆனால் தற்காப்பு வல்லவர்களுக்கு அனிச்சைதான் சொத்து. தோள் அசைந்தால் அவர்களுக்குத் தோள் தானாக உருளும். வராத குத்துக்கு இரண்டு முறை உருள வைத்துவிட்டால் மூன்றாவதற்குச் சந்தேகம் வரும். இதற்கு மனிதர் வேண்டும். நான் நண்பர் ஒருவரைக் கெஞ்சி எதிரே நிறுத்தி, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் குத்தே இல்லாமல் பாவ்லா மட்டும் பழகினேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு பைத்தியங்கள்போல இருந்திருக்கும்.

எட்டாவது மாதம் அண்ணனோடு மறுபடி மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டில் முகத்தைப் பார்க்கவே இல்லை. உயர்த்தி வைத்த இடது தோள், மேல்கை, நெஞ்சு, விலா, எது அசையாமல் இருந்ததோ அதில் அடித்தேன். "எங்கடா குத்துற?" என்று சிரித்தார். இரண்டாவதில் சிரிக்கவில்லை. அவருடைய வலது கைக்குத்தை மூக்கில் இரண்டு முறை வாங்கினேன், அது கணக்கில் உண்டு. மூன்றாவது ரவுண்டின் நடுவில் அந்தத் தோள் ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. வயிற்றுக்குப் போவதுபோலப் பாவ்லா காட்டி, மேலே வளைத்து வலது கையை இறக்கினேன். காதுக்கு மேலே பட்டது. இரண்டு வருடத்தில் முதல் சுத்தமான குத்து. யார் ஜெயித்தது என்று கேட்டால் அவர்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் மறுநாள் அவர் இடது கையைத் தூக்கமுடியாமல் சட்டை மாட்டியதைப் பார்த்தேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கயிறுக்காக ஒன்று குறைத்தேன், உடம்பில்லாததற்கு அரை. கனமான மணல்மூட்டைக்கு இது மாற்றாகாது. அதில் வலு வரும், இதில் கண் வரும்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். பந்தைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டு தட்டிவிட்டு, முன்னால் போய் நின்றார். மூன்று நிமிடம் அது அவர் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒருமுறைகூடத் தொடவில்லை. பந்து ஓயப் போகும்போதெல்லாம் ஒரு விரலால் தள்ளிவிட்டார், மற்றபடி அவர் குத்தவே இல்லை. பிறகு துண்டைத் தொட்டுப் பார்த்து, "ஓ, இங்கதான் பழகினியா?" என்றார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். ஞாபகம் இல்லை அண்ணே என்று சொல்லிவிட்டேன்.