4,850 வெள்ளி போனது: படகுக்கு ஆட்டோபைலட் வாங்குகிறவர்கள் படியுங்கள்

நேற்று இரவு முழுவதும் தூக்கமில்லை. 4,850 சிங்கப்பூர் வெள்ளி! என் மைத்துனரும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் மீன்பிடிப் படகுக்கு ஹைட்ராலிக் ஆட்டோபைலட் (பம்ப் தள்ளும் எண்ணெயால் சுக்கானைத் திருப்பி, படகைத் தானாகவே ஒரே திசையில் ஓட்டும் கருவி) வாங்க ஓராண்டாகச் சேர்த்த பணம்.

பழைய பொருள்கள் விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். விற்றவர் தொழிற்பேட்டையில் சிறு கடை வைத்திருக்கும் தமிழர். பொங்கோலில் படகு நிற்கும் இடத்துக்கே வந்தார். பின்பக்க மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, சுக்கானைத் திருப்பும் சிலிண்டரை அளந்தார். “அண்ணே, இது 210 மில்லிலிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தள்ளும் பம்ப் போட்டால், சுக்கான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 13 வினாடியில் போய்விடும்” என்றார். கணக்கு சரிதான்; இன்றைக்கும் அதில் பிழை காண முடியவில்லை. சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையோடு எழுந்து நின்ற மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? “செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போகும்” என்றார். அங்கேயே அவர் கணக்குக்கு 4,850 வெள்ளியையும் அனுப்பினேன்.

பொருத்திய பிறகு புலாவ் ஊபின் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். திசைகாட்டி விலகலைச் சொல்கிறது, பம்பும் ஓடுகிறது. ஆனால் சுக்கான் திரும்பி முடிவதற்குள் படகு மறுபக்கம் போய்விடுகிறது. பாம்பு நெளிவதுபோல் நெளிந்து, நங்கூரமிட்டிருந்த பார்ஜ் ஒன்றை நோக்கிப் போனது. மைத்துனர் பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கரை சேர்ந்ததும் நேரம் பார்த்தேன்: கோடிக்குக் கோடி 32 வினாடி. அப்படியென்றால் நிமிடத்துக்கு வெறும் 400 மில்லிலிட்டர்!

அழைத்தேன். “குழாயில் காற்று இருக்கும், வெளியேற்றுங்கள்.” மூன்று முறை வெளியேற்றினோம். “பேட்டரி பலவீனம்.” புதிய பேட்டரி வாங்கினோம். “திசைகாட்டிக்கு அருகில் இரும்பு இருக்கும்.” திசைகாட்டிக்கும் பம்பின் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைக் கேட்ட பிறகு பதிலே இல்லை. கடைக்குப் போனால், “முதலாளி வெளியூர்” என்கிறான் ஒரு பையன். உள்ளே அவர் குரல் கேட்கிறது!

நேற்று பம்பின் மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தேன். அடியில் இருந்த தகட்டில் தொடர் எண்ணை அரத்தால் ராவியிருக்கிறார்கள்.

அவசரமாகச் சொல்கிறேன்: பம்பின் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். படகைக் கட்டிவைத்தே கோடிக்குக் கோடி நேரம் பாருங்கள். கடையில் வாங்கிய பழைய பொருளானாலும், ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் சட்டத்தில் வழி உண்டு. 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருக்கின்றன. என் 4,850 வெள்ளிக்காக நான் நாளையே மனுக் கொடுக்கிறேன்.