முதலில் புத்தகமா, படமா?

காரைக்குடியில் எங்கள் ஆச்சி, வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) தூணோரமாக உட்கார்ந்து 'பொன்னியின் செல்வன்' படித்தது அதில்தான். 1950களில் கல்கி எழுதியது, ஐந்து பாகம். மணிரத்னம் 2022, 2023-இல் அதை இரண்டு படமாக்கினார். முதல்முறை பார்த்தபோது நான் படம் பார்க்கவில்லை, கணக்குத்தான் பார்த்தேன். நாவலைத் தொடங்கி வைக்கும் அந்த ஏரிக்கரை ஆடிப்பெருக்கு எங்கே? மணிமேகலை எங்கே? (அவளை அடியோடு விட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.) இரண்டாம் முறைதான் மனசு இறங்கி வந்தது. பக்கம் பக்கமாகப் படித்த நந்தினியின் வன்மம் ஒரே பார்வையில் முடிந்துவிடுவதை அப்போதுதான் கவனித்தேன். கதை தெரிந்தவனுக்குக் கிடைக்கும் சுகம் அது. அடுத்து என்ன என்ற பதற்றமில்லை, எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

'அசுரன்' தலைகீழ். 2019-இல் படம் பார்த்தேன், அதற்கு மூலமான பூமணியின் 'வெக்கை' நாவலை அப்புறம்தான் படித்தேன். படம் தனுஷ் நடித்த அப்பா சிவசாமியின் தோளில் நிற்கிறது. நாவலோ பதினைந்து வயது மகன் சிதம்பரத்தோடு காட்டில் ஒளிந்து திரிகிறது. சின்ன நாவல், ஆனால் புதுசாக இருந்தது. ஒரே தொல்லை, அய்யா என்று வரும் இடத்திலெல்லாம் தனுஷ் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு முதல் வழிதான். ஆச்சியிடம் கேட்டால், "அஞ்சு பாகம் படிச்சவளுக்குத்தான்டா படத்துல தூங்க முடியும்" என்பார். தூங்கினார் என்பதும் உண்மை.