அம்மாவின் போனுக்கு எது சரி: ஈஸி மோடா, லாஞ்சரா, ஐபோனா?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "வாட்ஸ்அப்பைக் காணோம்டா" என்றார் அம்மா. ஆப் எங்கும் போகவில்லை, முகப்புத் திரையிலிருந்து மட்டும் போயிருந்தது. "சரி, ஒரு தடவை போனைத் திறந்து காட்டும்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அம்மா திரையைத் தொடுவதில்லை, அழுத்துகிறார். காலிங் பெல்லை அழுத்துவது போல விரலை வைத்து, ஏதாவது நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார். போனுக்கு அது வேறு அர்த்தம். விரல் அரை நொடி நின்றாலே 'லாங் பிரஸ்' என்று எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் விரல் கொஞ்சம் மேலே இழுபட்டாலும் ஐகான் நகர்ந்துவிடும் அல்லது நீங்கிவிடும்.

பெரியவர்களுக்குப் போன் என்றதும் நாம் எல்லோரும் எழுத்தைத்தான் பெரிதாக்குகிறோம். கண் பாதிப் பிரச்சினைதான், மீதிப் பாதி விரல். அம்மா, பெரியம்மா இருவருக்கும் போனைச் சரிசெய்து கொடுத்த பிறகு, ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டையும் வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் ஈஸி மோட். சாம்சங் போன்களில் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் இருக்கிறது. வேறு சில நிறுவனங்கள் லைட் மோட், சிம்பிள் மோட் என்று பெயர் வைத்திருக்கின்றன. சாம்சங்கில் ஒரே ஒரு பட்டனைத் தட்டினால் எழுத்தும் ஐகானும் பெரிதாகும், கீபோர்டு பளிச்சென்று தெரியும். லாங் பிரஸ்ஸுக்கான நேரமும் கூடுகிறது. விரலைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள் என்பதால்தான் இது எனக்குப் பிடிக்கும். ஆனால் இதைப் புதுப் போன் வாங்கிய முதல் நாளே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். "ரெண்டாவது வரிசையில மூணாவது" என்று இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பவருக்கு, ஒரே நாளில் திரை மொத்தமும் மாறினால் தெரிந்ததும் மறந்துபோகும்.

அடுத்தது லாஞ்சர் ஆப்கள், அதாவது போனின் முகப்புத் திரையையே மாற்றிவிடும் ஆப்கள். பிக் லாஞ்சர், ஓப்பன் சோர்ஸான பால்ட்போன் என்று சில இருக்கின்றன. ஆறு பெரிய கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, அவ்வளவுதான். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் லாஞ்சர் வாசலைத்தான் மாற்றும், வீட்டுக்குள் கை வைக்காது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் அதே பொடி எழுத்துதான். பெரியம்மாவுக்கு ஒரு இலவச லாஞ்சரைப் போட்டுக் கொடுத்தேன். திரைக்கு அடியில் வந்த விளம்பரத்தில் ஒரு பச்சை பட்டன். அதுதான் கால் பண்ணும் பட்டன் என்று நினைத்து அதையே அழுத்தியிருக்கிறார். அன்றைக்கே எடுத்துவிட்டேன். நாலு பேரைக் கூப்பிட மட்டும்தான் போன் என்பவருக்கு, விளம்பரமில்லாத லாஞ்சர் சரிப்படும்.

ஐபோனில் 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் அசிஸ்டிவ் ஆக்சஸ் என்ற எளிய திரை வசதி வந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது. வடிவமைப்பில் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. கால்ஸ், கேமரா, போட்டோஸ் ஆகியவற்றின் உள்பக்கமும் எளிமையாகிவிடுகிறது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கீழே பெரிய பேக் பட்டன் இருக்கும். யாரை அழைக்கலாம் என்பதையும் நாமே முடிவு செய்து வைக்கலாம். பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தி பாஸ்கோட் கொடுத்தால்தான் வெளியே வர முடியும். மறதி நோய் தொடங்கியவரின் கையில் ஏற்கெனவே ஐபோன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதைப் போடுங்கள். ஆனால் வாட்ஸ்அப் போன்ற வெளி ஆப்களைச் சேர்த்தாலும் பெரும்பாலும் அவற்றின் உள்பக்கம் எளிமையாகாது. நம் வீடுகளில் பாதிப் பேச்சு வாட்ஸ்அப்பில்தானே நடக்கிறது? இதற்காகவே புதிதாக ஐபோன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பேசாமல் கீபேட் போனே கொடுத்துவிடலாமே என்பார்கள். விரலுக்கு அதுதான் சுகம். 2022-இல் வந்த யுபிஐ 123பே மூலம் அதிலும் பணம் அனுப்பலாம். ஆனால் பேரனின் முகம் தெரியாதே!

அம்மாவுக்கு நான் கடைசியில் செய்தது இன்னொன்று. அதே போன், அதே திரை, கையாலேயே சில மாற்றங்கள். அரை மணி நேர வேலை. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் போய் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே'யை, அதாவது லாங் பிரஸ்ஸுக்கான நேரத்தை, நீளமானதாக மாற்றினேன். ஐகான் காணாமல் போவது அதோடு நின்றது. இழுத்துத் தள்ளும் ஜெஸ்சரை எடுத்துவிட்டு, கீழே பழைய மூன்று பட்டன்களைக் கொண்டுவந்தேன். வால்யூம் பட்டனை அழுத்தியே அழைப்பை எடுக்கும் வசதி அந்தப் போனில் இருந்தது. பச்சை வட்டத்தைத் தள்ளத் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தவருக்கு அது பெரிய நிம்மதி. எழுத்தைக் கடைசி அளவு வரை கொண்டுபோகவில்லை. அப்படிச் செய்தால் தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு 'அமைப்பு...' என்று நிற்கின்றன. இரண்டு படி மட்டும் கூட்டி, வாட்ஸ்அப்புக்குள் அதன் எழுத்தளவைத் தனியாகக் கூட்டினேன்.

இதிலும் ஒரு குறை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துத்தான் செய்ய முடியும். தூரத்தில் இருந்து போனில் சொல்லிச் செய்யவைக்க முடியாது. அடிக்கடி ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு ஈஸி மோடே நல்லது.

எதைப் போட்டாலும், முடித்ததும் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் அவரை அழைத்துப் பாருங்கள். மூன்று முறை அவராகவே எடுத்துப் பேசட்டும், அப்புறம் அவரே உங்களைக் கூப்பிடட்டும். நடுவில் ஓடிவந்து கையிலிருந்து போனை வாங்கிவிடாதீர்கள்.