மைக்ரேனுக்கு ட்ரிப்டான் மாத்திரையா, சிஜிஆர்பி ஊசியா?

பெங்களூரு சில்க் போர்டு வெயில்ல சிக்னல்ல நிக்கும்போதே ஒரு பக்கத் தலை துடிக்க ஆரம்பிக்கிற நம்மாளுங்களுக்குத்தான் இதை எழுதுறேன். மூளைக்கு வலி தெரியாது, ஆனா அதைச் சுத்தியிருக்கிற ட்யூரா சவ்வுக்கு நல்லாவே தெரியும், அதுல ஓடுற ட்ரைஜெமினல் நரம்பு (முகம், தலையோட உணர்வைக் கொண்டுபோற நரம்பு) முனை தூண்டப்பட்டா வலியை உள்ள சொல்றதோட நிக்காம சிஜிஆர்பி, சப்ஸ்டன்ஸ் பிங்கிற ரெண்டு நரம்பு ரசாயனத்தையும் அங்கேயே கொட்டுது, ரத்தக்குழாய் விரியுது, நீர் கசியுது, மாஸ்ட் செல்லும் (அழற்சியைக் கிளப்புற நோய் எதிர்ப்பு செல்) சேர்ந்துக்குது, கிருமியே இல்லாம அழற்சி.

ட்ரிப்டான் அந்தக் கொட்டுறதைக் குறைச்சு குழாயையும் சுருக்கும். வலி ஆரம்பிச்ச உடனே போடணும், முத்துனப்புறம் போட்டா பலன் கம்மி. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்தவங்க தொடவே கூடாது. மாசத்துல 10 நாளைத் தாண்டுனா மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும், அக்கா தங்கச்சிங்க இதை தயவுசெஞ்சு கவனிங்க.

சிஜிஆர்பி ஊசி அந்த ரசாயனத்தோட வேலையை மறிச்சு வலி வராம தடுக்கறதுக்கு, பெரும்பாலும் மாசம் ஒண்ணு. இந்த வகையில முதல் மருந்து எரெனுமாப்ங்கிற ஆன்டிபாடி (ஒரே இலக்கைப் பிடிக்கிற புரதம்), 2018ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. இந்த ஆன்டிபாடி மூளைக்குள்ள ரொம்ப போகாது, ட்யூராவும் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சும் ரத்த-மூளைத் தடுப்புக்கு (ரத்தத்துல இருக்கறதை மூளைக்குள்ள லேசுல விடாத சுவர்) வெளிய இருக்கறதால அது போதும். சப்ஸ்டன்ஸ் பியைத் தடுத்துப் பார்த்த மருந்துங்க மைக்ரேன்ல தோத்துப்போச்சு, சிஜிஆர்பியைத் தடுத்ததுதான் ஜெயிச்சுது. எரெனுமாப்ல மலச்சிக்கல் வரலாம், விலையும் ஜாஸ்தி.

எப்பவாவது வர்றவங்களுக்கு மாத்திரையே போதும்னு நான் நினைக்கிறேன், வாராவாரம் படுக்கப் போடுதுன்னா நியூரோ டாக்டர்கிட்ட ஊசியைப் பத்திக் கேளுங்க.