சிஞ்சில்லா முயல் வாங்க வெளிக்கிடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

142,500 ரூபா. காலபோக நெல் விற்று மிஞ்சிய காசும் என் சீட்டுக்காசும் சேர்த்து அவ்வளவு. இனி அது திரும்பி வராது என்று நேற்றுப் பின்னேரம்தான் முழுதாக விளங்கியது. இரவு நித்திரை இல்லை. விடியமுன் எழும்பி இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் வழக்கு என்று வெளிக்கிடுவார்கள், அதற்கும் என்னிடம் காசில்லை. வவுனியாப் பக்கம், வளர்ப்புப் பிராணியும் மீன்தொட்டியும் விற்கிற கடை. கைபேசியில் விளம்பரமும் ஓடுகிறது. "சிஞ்சில்லா முயல் வளர்ப்பு. குட்டிகளை நாங்களே திருப்பி எடுப்போம், ஒன்றுக்கு 6,500 ரூபா." எங்கள் வீடு வட்டக்கச்சி. இவருக்கு முதுகு ஏலாமல் போனபிறகு வயல் வேலை குறைந்துவிட்டது. முயல் என்றால் வளவுக்குள்ளேயே நான் பார்த்துக்கொள்வேன் என்றுதான் மாசி மாதம் பஸ் ஏறினேன்.

கடைத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று கதிரை போட்டான். கூட்டிலிருந்து ஆண் முயலைத் தூக்கி மடியில் வைத்து, "முதுகில ஊதிப் பாருங்கோ" என்றான். ஊதினேன். மயிர் விலகி வளையம் வளையமாகத் தெரிந்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல. அடியில் கடும் நீலச் சாம்பல், அதற்கு மேலே முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு. "இதுதான் அக்கா சிஞ்சில்லா. ஊதிக் காட்டாமல் விக்கிறவனிட்ட ஒரு நாளும் வாங்காதேங்கோ" என்று எனக்கே புத்தி சொன்னான்.

அந்த ஒரு ஊதலுக்குத்தான் நான் 142,500 ரூபா கொடுத்தேன்.

நாலு பெண் முயலும் ஏற்கனவே பெட்டிக்குள் இருந்தன. எல்லாம் சாம்பல் நிறம். ஒன்றுக்கு மட்டும் ஆணைப்போல வயிறு வெள்ளை, மற்ற மூன்றுக்கும் வயிறும் சாம்பல். கேட்காமல் விடவில்லை, கேட்டேன். "பெட்டைக்கு முதல் குட்டி போட்ட பிறகுதான் அக்கா வயிறு வெளுக்கும்" என்றான். சரி, ஊதிப் பார்க்க விட்டவன் பொய் சொல்லுவானா என்று பெட்டியைத் திறக்கச் சொல்லாமலே விட்டுவிட்டேன். 135,000 முயலுக்கு, 7,500 பதிவுக்கு. பஸ்ஸில் வரும்போது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்: நாலு பெண், ஆளுக்கு ஆறு குட்டி, 24 ஐ 6,500 ஆல் பெருக்கினால் 156,000. முதல் ஈற்றிலேயே போட்ட காசு வந்துவிடும். முறிகண்டியில் பஸ் நின்றதும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கச்சானும் வாங்கினேன். இப்போது நினைக்க வயிறு எரிகிறது.

முயலோடு ஒரு துண்டுப்பிரசுரமும் தந்திருந்தான். "தர நிர்ணயமும் பராமரிப்பும்" என்று தலைப்பு. 1923 இல் சப்மன் என்ற அமெரிக்கர் சிலியிலிருந்து கொண்டுபோன 11 பிராணிகளின் வம்சம் என்று அதில் இருந்தது. நானும் அயலட்டைக்கெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். வெள்ளையையும் வெள்ளையையும் சேர்க்கக் கூடாதாம். கிழமைக்கு இரண்டு முறை சாம்பலில் குளிக்க விடவேண்டுமாம். எரிமலைச் சாம்பல் என்று ஒரு பொதி 1,200 ரூபாவுக்குத் தந்தான். விறகடுப்பு எரிக்கிறவளுக்கே சாம்பல் விற்றிருக்கிறான்! முயல்கள் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டதுதான் மிச்சம்.

அதைவிட மோசம், சினைக்காலம் 111 நாள் என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி "முயல் ஒரு மாசத்தில போடுமே பிள்ளை" என்றா. "இது வேற இனம் ஆச்சி" என்றேன். வெள்ளை வயிற்றுக்காரி முப்பத்தோராம் நாள் விடியற்புறம் வெறும் கம்பிவலையில் எட்டுக் குட்டி போட்டாள். பெட்டி இல்லை, வைக்கோல் இல்லை. மயிரில்லாத, கண் திறக்காத குட்டிகள். நான் காணமுன் மூன்று விறைத்துப் போய்விட்டன. ஃபோன் எடுத்தேன். "அது அச்சுப் பிழை அக்கா" என்றான்.

மற்ற மூன்றும் சித்திரையில் போட்டன, மொத்தம் பதினெட்டு. பத்து நாளில் மயிர் முளைத்தபோது பதினெட்டும் காட்டுமுயல் போலப் பழுப்பு. திரும்பவும் ஃபோன். "குட்டியில அப்பிடித்தான், மாறும்." அடுத்த கிழமை: "நான் இப்ப கொழும்பில நிக்கிறன்." அதற்கடுத்த கிழமை அழைப்பை ஒரு பெண்பிள்ளை எடுத்து, "அந்த அண்ணை இப்ப இங்க இல்லை" என்றாள். பின்னால் அவன் குரல் எனக்குக் கேட்டது.

வைகாசியில் "தரம் பார்க்கிறவர்" என்று ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார், கையில் பூதக்கண்ணாடி. சாம்பல் குட்டி ஐந்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றுக்கு வயிற்றுக் கோடு தெளிவில்லை. ஒன்றுக்கு மஞ்சள் சாயல், நீலச் சாயல் வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் அடர்த்தி காணாது. "ஒரு துளையில அறுபது மயிர் இருக்கோணும் அக்கா, துண்டில போட்டிருக்கெல்லோ." பழுப்புக் குட்டிகளைத் தொடவே இல்லை. "ஊர் முயல் ஏறியிருக்கு. அது உங்கட பிழை." எங்கள் வளவில் வேறு முயலே இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

போன ஞாயிறு அண்ணாவின் மகள் வந்தாள், அறிவியல்நகரில் விவசாயம் படிக்கிறவள். துண்டுப்பிரசுரத்தை வாசித்துவிட்டு, "மாமி, இது முயலைப் பற்றியே இல்லை" என்றாள். சிஞ்சில்லா என்பது அந்தீஸ் மலையில் வாழ்கிற, எலி அணில் கூட்டத்தைச் சேர்ந்த பிராணி. வட்டக் காது, புசுபுசுவென்று வால். அறுபது மயிர், 111 நாள், சாம்பல் குளியல், சப்மன் எல்லாம் அதற்குரியது. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் சில குட்டி கருவிலேயே அழியும் என்பதும் அதற்குத்தான். எங்கள் வெயிலில் அதை வைத்திருந்தால் செத்தே போகுமாம். சிஞ்சில்லா முயல் என்பது பிரான்சில் 1913 இல் முதல் காட்சிக்கு வந்த இனம், அந்தப் பிராணியின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். என் முயல்களை வேறொரு பிராணியின் அளவுகோலால் அளந்து கழித்திருக்கிறார்கள். எந்த முயலும் அதில் தேறாது. முயலாகவே பார்த்தாலும், இரண்டு மாதக் குட்டியில் மயிர்த் தரம் பார்ப்பது பகிடி என்றாள். குட்டி மயிர் கொட்டி, பெரிய மயிர் வர ஐந்து ஆறு மாதம் ஆகும். இந்த வெயிலுக்கு அப்போதும் குளிர்நாட்டு அடர்த்தி வராது.

பிறகு கொட்டிலுக்குப் போய் ஐந்தையும் ஊதினாள். ஆணில் வளையம். வெள்ளை வயிற்றுக்காரியில் வளையம். மற்ற மூன்றிலும் நுனியிலிருந்து அடிவரை ஒரே சாம்பல். அவை ஊரில் யாரும் வளர்க்கிற சாதாரணச் சாம்பல் முயல். சிஞ்சில்லா நிறம் என்பது மயிரின் மஞ்சள் பழுப்புச் சாயத்தை எடுத்துவிடுகிற மரபணு, முழு நிற மரபணுவோடு சேர்ந்தால் அது அடங்கிப்போகும். தாயும் தகப்பனும் உண்மையான சிஞ்சில்லா என்றால் ஒரு குட்டிகூடப் பழுப்பாக வராது. பதினெட்டும் பழுப்பு என்றால் குற்றம் தாயில், அதாவது கடையில். நாலு மாதம் கையில் வைத்துத் தீன் போட்டேன், ஒரு முறைகூட நான் அந்த மூன்றையும் ஊதிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று அந்தத் தரக்காரர் திரும்பி வந்தார். நான் வளையம், மரபணு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தரத்தைக் கூட்ட ஒரு புது ஆண் எடுங்கோ அக்கா, 35,000. இருக்கிற ஆணை நாங்கள் எடுக்கிறம். பழுப்புகளையும் ஒண்டு 400 படி இறைச்சிக்கு எடுக்கலாம், உங்களுக்கு ஒரு உதவியா" என்றார். அவர்கள் தந்ததில் உண்மையான இரண்டில் ஒன்று அந்த ஆண்! அதையும் கொண்டுபோய் இன்னொருத்தியின் மடியில் வைத்து ஊதிக் காட்ட. கையில் விளக்குமாறு இருந்தது. இவர் வந்து மறித்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

பொலிசுக்குப் போகலாம் என்று பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். "முயல் 5, 142,500 ரூபா" என்று மட்டும் இருக்கிறது. சிஞ்சில்லா என்ற சொல் இல்லை, திருப்பி எடுப்பது பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

என்னென்ன கவனிக்கவேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் தொடங்கினேன், விடிந்துவிட்டது. கெதியாகச் சொல்கிறேன். ஒன்றை ஊதிக் காட்டினால் மற்றதையும் நீங்களே தூக்கி ஊதுங்கள். வயிறு பிறகு வெளுக்கும் என்றால் எழும்பி வாருங்கள். திருப்பி எடுப்போம் என்பதை, எந்த வயதில், என்ன தரத்தில், என்ன விலைக்கு என்று கையெழுத்தோடு வாங்குங்கள். பதிவுக்காசு கட்டாதீர்கள். சாம்பல் வாங்காதீர்கள்.

பழுப்புக் குட்டி பதினெட்டும் நிற்கிறது, ஆணும் பெண்ணும் கலந்து. தீன் போட்டுக் கட்டாது. கிளிநொச்சிப் பக்கம் யாராவது வளர்க்கிற எண்ணத்தோடு வந்தால் சும்மா தருவேன், கூடு நீங்கள் கொண்டுவர வேண்டும். இறைச்சிக்கு வரவேண்டாம். ஆணைக் கேட்கவும் வேண்டாம்.