கம்பிக்குள் ஒரு மாற்றம், விரலுக்கு ஒரு மாற்றம்: கிட்டோடு நீண்ட காலம்

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். அதன் 1.6 பதிப்புக் காலத்திலிருந்து என் பிழைப்பு அதை நம்பித்தான் ஓடுகிறது. முதலில் நிரல் எழுதுபவனாக, அப்புறம் அலுவலகத்தின் சொந்த கிட் சர்வரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவனாக. கிட் நல்லதா, அதே வேலையைச் செய்யும் மெர்க்கூரியல் நல்லதா என்பதெல்லாம் முடிந்துபோன பஞ்சாயத்து. இத்தனை வருடங்களில் கிட்டின் உள்பாகங்களைக் கழற்றிக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள். அது வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். என் அனுபவத்தில், இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் முறையை மாற்றியது யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. மனிதன் தட்டச்சு செய்யும் கட்டளையில் கைவைத்தபோதுதான் கூச்சல் வந்தது.

ஆரம்பத்தில் எச்டிடிபி வழியாக கிட் வேலை செய்த விதத்தை இன்று சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை. சர்வர் என்று தனியாக ஒன்றுமே கிடையாது. ரெப்போவை, அதாவது நிரலும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கை, அப்படியே ஒரு வெப் சர்வரில் வைத்துவிட்டால், க்ளையன்ட் (நம் கணினியில் ஓடும் கிட்) வந்து கோப்பு கோப்பாக இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (நம் மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவது) பிறகு 'அப்டேட் சர்வர் இன்ஃபோ' என்ற கட்டளை ஓட வேண்டும். அதைத் தானாக ஓட்டும் ஹூக் என்ற சிறு ஸ்கிரிப்டை இயக்காமல் விட்ட ரெப்போவில், உள்ளே புதிய கமிட்கள் (பதிந்த மாற்றங்கள்) இருந்தாலும் வெளியே இருப்பவருக்குப் பழையதுதான் தெரியும். 2009 டிசம்பரில் வந்த 1.6.6 பதிப்பில் கூகுளின் ஷான் பியர்ஸ் எழுதிய 'ஸ்மார்ட் எச்டிடிபி' சேர்ந்தது. அதன் பிறகு கடவுச்சொல் கேட்கும் சாதாரண எச்டிடிபிஎஸ் முகவரியிலேயே வேகமாக க்ளோனும் (முழு ரெப்போவையும் நகலெடுப்பது) புஷ்ஷும் செய்ய முடிந்தது. அலுவலக ஃபயர்வால் 443-ஐத் தவிர எல்லாப் போர்ட்டையும் அடைத்து வைத்திருந்த எங்களுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் அந்த ஸ்மார்ட் பேச்சுக்கும் அடியில் இருந்தது 2005-ல் பிறந்த அதே பழைய நெறிமுறைதான். அதை ஒருமுறையாவது கண்ணால் பார்ப்பது நல்லது. 'கிட் டிரேஸ் பாக்கெட்' என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து ஒரு ஃபெட்ச் (சர்வரிலிருந்து புதியவற்றை இறக்குவது) ஓட்டினால், வரி வரியாகப் பேச்சு திரையில் ஓடும். கம்பியில் போகும்போது ஒவ்வொரு வரியின் முன்னாலும் நான்கு எழுத்தில் அந்த வரியின் நீளம், பதினறும எண்ணாக ஒட்டியிருக்கும். எனக்கு இந்தக் கமிட் வேண்டும் என்று க்ளையன்ட் கேட்கும் எளிய வரி 0032 என்று தொடங்கும். அதாவது 50 பைட்: நீளத்துக்கு 4, 'வான்ட்' என்ற சொல்லுக்கும் இடைவெளிக்கும் 5, கமிட்டின் அடையாளமான ஷா-1 எண்ணுக்கு 40, வரிமுடிவுக்கு 1. நீளம் 0000 என்று வந்தால் அந்தப் பகுதி முடிந்தது. இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் இத்தனை காலம் தாங்கியது என்று நினைக்கிறேன்.

இந்த நெறிமுறைக்கு இரண்டு குறைகள். ஒன்று, 'எனக்கு இன்னின்ன வசதிகள் தெரியும்' என்று சர்வர் சொல்வதற்கு இடமே வைக்கவில்லை. பிறகு எப்படிச் சேர்த்தார்கள் என்றால், முதல் ரெஃப்பின் (கமிட்டைச் சுட்டும் பெயர்; பிராஞ்ச் என்ற கிளை, டேக் என்ற அடையாளப் பெயர் போன்றவை) பெயர் முடிந்ததும் மதிப்பு பூஜ்யமான ஒரு பைட்டை (நல் பைட்) வைத்து, அதற்குப் பின்னால் வசதிகளின் பட்டியலைச் செருகிவிட்டார்கள். சி மொழியில் நல் பைட் வந்தால் சரம் முடிந்தது என்று அர்த்தம். பழைய க்ளையன்ட் அங்கேயே நின்றுவிடும், புதியது தாண்டிப் படிக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் வேலை செய்தது.

இரண்டாவது குறைதான் எங்களை வாட்டியது. க்ளையன்ட் வாயைத் திறக்கும் முன்பே சர்வர் தன்னிடம் உள்ள எல்லா ரெஃப்களையும் ஒப்பித்துவிடும். உங்களுக்கு மெயின் பிராஞ்ச் மட்டும் போதும் என்றாலும் கேட்காது. எங்கள் பில்ட் அமைப்பு ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு டேக் போடும். கோட் ரிவ்யூ கருவி ஒவ்வொரு மெர்ஜ் கோரிக்கைக்கும் தனி ரெஃப் வைக்கும். பழையவற்றை யாரும் துடைப்பதில்லை. ஒரு லட்சம் ரெஃப், வரிக்கு 70 பைட் என்று வைத்துக்கொண்டால், புதிதாக ஒரு கமிட்கூட இல்லாத வெற்று ஃபெட்சுக்கே 7 எம்பி இறங்கும். பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து 'ஏதாவது புதுசா?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் சர்வர் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கூகுளில் குரோம் ரெப்போவில் பிராஞ்சும் டேகுமாக ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தன. அவர்கள்தான் இதைச் சரிசெய்ய இறங்கியதில் ஆச்சரியமில்லை.

2018 ஜூனில் வந்த 2.18 பதிப்பில் நெறிமுறை இரண்டாம் பதிப்பு சேர்ந்தது. இதில் சர்வர் முதலில் தன் வசதிகளை மட்டும் சொல்லும். எந்த ரெஃப்கள் வேண்டும் என்று க்ளையன்ட் முன்னொட்டோடு கேட்கும், சர்வர் அவற்றை மட்டும் தரும். சரி, புது க்ளையன்ட் போய் பழைய சர்வரிடம் இதைப் பேசினால்? இந்த இடத்தில்தான் அவர்களின் நிதானம் எனக்குப் பிடித்தது. பழைய கிட் டீமன் என்ற சர்வர் நிரலில் 2006-ல் நுழைந்த ஒரு பிழை உண்டு. ஹோஸ்ட் பெயருக்குப் பின்னால் வேறு எதையாவது அனுப்பினால் அது முடிவில்லாத சுழலில் சிக்கிக்கொள்ளும். 2009-லேயே திருத்திவிட்டார்கள். ஆனாலும் திருத்தாத சர்வர் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம் என்று, இன்னொரு நல் பைட்டுக்குப் பின்னால் பதிப்பு எண்ணை ஒளித்து அனுப்பினார்கள். அதற்கும் முன்பு 2.16-ல் 'பதிப்பு 1' என்று ஒன்று வந்தது. முதல் வரியில் பதிப்பு எண் சொல்வதைத் தவிர அதில் புதிதாக ஒன்றுமே கிடையாது. வழியில் யாராவது இடறுகிறார்களா என்று பார்க்கத்தான் அந்த ஒத்திகை.

இடறியது எங்கள் சர்வர் இருந்த இடத்தில்தான், ஆனால் கிட்டில் அல்ல. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போகும்போது பதிப்பு எண் ஒரு சூழல் மாறியாகப் போகிறது. எஸ்எஸ்எச் சர்வரோ, அனுமதிப் பட்டியலில் இல்லாத சூழல் மாறியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். விளைவு, பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் ஓடும், பழைய நெறிமுறையில். சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்பில் 'அக்செப்ட் என்வ்' வரியில் அந்த மாறியின் பெயரைச் சேர்த்த பிறகுதான் டிரேஸில் முதல் வரியாக 'வெர்ஷன் 2' தெரிந்தது. எச்டிடிபியில் இதே தகவல் ஒரு ஹெடராகப் போகிறது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் முன்னால் நின்று கிட்டின் பின்னணி நிரலுக்குத் தள்ளிவிடும் அமைப்பு என்றால், அந்த ஹெடரை உள்ளே கடத்தவும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை டிரேஸ் ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் பழைய நெறிமுறையிலேயே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது.

மாற்றிய பிறகு பெரிய ரெப்போவில் வெற்று ஃபெட்ச் சட்டென்று முடிகிறது. ஜென்கின்ஸ் சர்வரை அழுத்துவதும் நின்றது. சின்ன ரெப்போவில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சொல்லப்போனால் எச்டிடிபியில் ஒருமுறை கூடுதலாகச் சர்வரிடம் போய் வர வேண்டும், ஏனென்றால் வசதிகளைக் கேட்பதும் ரெஃப் கேட்பதும் இப்போது தனித்தனி. பத்து பிராஞ்ச் உள்ள ரெப்போவுக்கு இது லாபமில்லை.

2020 மார்ச்சில் 2.26-ல் இதை இயல்பு நிலையாக்கினார்கள். கொஞ்ச நாளில் சிக்கல் கிளம்பியது. ஒரே திட்டத்தின் வேறொரு ஃபோர்க்கிலிருந்து (பிரிந்து வளரும் நகல்) ஃபெட்ச் செய்யும்போது, இருவருக்கும் பொதுவான கமிட்டைக் கண்டுபிடிக்கும் முன்பே க்ளையன்ட் கைவிட்டுவிட்டு, ஏற்கெனவே இருப்பதையெல்லாம் திரும்ப இறக்கியது. ஜூனில் வந்த 2.27-ல் பழைய நெறிமுறைக்கே திரும்பினார்கள். பிழையைத் திருத்தி, அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி இரண்டாம் பதிப்பையே இயல்பாக்கினார்கள். இப்படிப் போய் வந்தது என் டீமில் ஒருவருக்கும் தெரியாது, யாரும் ஒரு கட்டளையைக்கூட மாற்றவில்லை. இரு முனையும் பேசி ஒத்துக்கொள்ளும் நெறிமுறையில்தான் இப்படிப் பின்வாங்க முடியும்.

விரல்களோடு அப்படிப் பேச முடியாது. 1.6.0-ல், 2008-ல், 'கிட்-கமிட்' என்று கோடு போட்டு எழுதும் கட்டளைகளை, ஷெல் கட்டளைகளைத் தேடும் பாதையிலிருந்து எடுத்துவிட்டு 'கிட் கமிட்' என்று இடைவெளியோடு எழுதச் சொன்னார்கள். ஒரு சிறு கோடுதான் விஷயம், ஆனால் ஸ்கிரிப்ட் வைத்திருந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். 2014-ல் 2.0 வந்தபோது, வெறும் 'கிட் புஷ்' என்று அடித்தால் பெயர் பொருந்தும் எல்லா பிராஞ்சையும் தள்ளும் பழக்கத்தை மாற்றி, அப்போது வேலை செய்துகொண்டிருக்கும் பிராஞ்சை மட்டும் தள்ள வைத்தார்கள். அதற்கு முன்பு பல மாதங்கள் ஒவ்வொரு புஷ்ஷிலும் நீளமான எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. எரிச்சலாக இருந்தாலும் சரியான முடிவு.

'செக்அவுட்' கதை இன்னும் சுவாரஸ்யம். பிராஞ்ச் மாற்றுவதும் அதுதான், கோப்பில் செய்த மாற்றத்தைத் தூக்கி எறிவதும் அதுதான். இரண்டாவது வேலை செய்தால் சேமிக்காத மாற்றம் போனது போனதுதான். 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பு இதை 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று இரண்டாகப் பிரித்தது. பிரித்தவிதம் நல்லது. பழைய 'செக்அவுட்' அப்படியே இருந்தது. 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டும் குறிப்பை மட்டும் 'ரீஸ்டோர்' என்று மாற்றினார்கள். அதனால் அதற்குப் பிறகு சேர்ந்த பசங்கள் அந்தக் குறிப்பைப் பார்த்தே புதியதைக் கற்றுக்கொண்டார்கள். நானோ இன்னும் 'செக்அவுட்' அடிக்கிறேன். கை தானாகப் போகிறது. புதிய இரண்டும் 'சோதனை நிலையில்' என்ற முத்திரையோடு ஆறு வருடம் இருந்து, 2025-ல் வந்த 2.51-ல்தான் அது நீங்கியது. கம்பிக்குள் இருப்பதைச் சில மாதங்களில் முன்னும் பின்னும் மாற்ற முடிந்தவர்களுக்கு, இரண்டு கட்டளைப் பெயர்களை உறுதிசெய்ய அவ்வளவு காலம் ஆனது.

உள்ளே நடந்த வேறு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெல் ஸ்கிரிப்டாக இருந்த 'ரீபேஸ்' (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது), 'ஸ்டேஷ்' (மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது) இரண்டும் சி-க்கு மாறின. விண்டோஸில் வேலை செய்பவர்கள் அந்த வித்தியாசத்தை முதல் நாளே சொன்னார்கள். பிராஞ்சுகளை இணைக்கும் மெர்ஜ் எஞ்சினை முழுதாகத் திரும்ப எழுதி, 2021-ல் 2.34-ல் 'ஆர்ட்' என்ற பெயரில் இயல்பாக்கினார்கள். பெரிய ரீபேஸ்கள் வேகமானதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

ரெஃப்களைச் சேமிக்கும் முறையும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. இதுவரை ரெஃப் ஒன்றுக்கு ஒரு கோப்பு, அல்லது எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய கோப்பு. அந்தப் பெரிய கோப்பிலிருந்து ஒரே ஒரு டேகை நீக்கினாலும் முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டும். ஸ்மார்ட் எச்டிடிபி எழுதிய அதே ஷான் பியர்ஸ், ஜாவாவில் எழுதிய கிட்டான ஜேகிட்டுக்காக வடிவமைத்த 'ரெஃப்டேபிள்' 2024 ஏப்ரலில் 2.45-ல் கிட்டுக்கே வந்துவிட்டது. பியர்ஸ் 2018-லேயே காலமாகிவிட்டார். பழைய ரெப்போவை மாற்ற 2.46-ல் 'ரெஃப்ஸ் மைக்ரேட்' கட்டளையும் இருக்கிறது.

மாற்றிப் பார்த்தேன். பழைய டேகுகளை மொத்தமாகத் துடைக்கும் வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் என் டீமில் ஒருவருடைய டெர்மினலில் பிராஞ்ச் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்வேலிட்' என்று வர ஆரம்பித்தது. அவருடைய ப்ராம்ப்ட் ஸ்கிரிப்ட் கிட்டிடம் கேட்காமல், இப்போதைய பிராஞ்ச் எது என்று சொல்லும் 'ஹெட்' கோப்பை நேராகத் திறந்து படித்துக்கொண்டிருந்தது. ரெஃப்டேபிள் ரெப்போவில் அந்தக் கோப்பு பழைய கிட்டைத் தடுப்பதற்காக வைத்த பொம்மை, உண்மையான தகவல் வேறிடத்தில். கேட்க வேண்டிய கட்டளையைக் கேட்கும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. டிப்ளாய் ஸ்கிரிப்ட்களில் இப்படிக் கோப்பை நேராகத் திறந்து படிக்கும் இடங்கள் உண்டா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

இப்போதைய நிலவரம் இது. புஷ் இன்னும் பழைய நெறிமுறையில்தான் போகிறது, ரெஃப்கள் அதிகமுள்ள ரெப்போவில் புஷ்ஷுக்கு முன்னால் அந்த ஒப்பித்தல் இன்றும் உண்டு. 3.0-ல் ரெஃப்டேபிளும், ஷா-1-க்குப் பதிலான ஷா-256-ம் புதிய ரெப்போக்களுக்கு இயல்பாகும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். எங்கள் சர்வரில் புதிய ரெப்போக்களுக்கு ரெஃப்டேபிளை இயக்கிவிட்டேன். ஷா-256 ரெப்போவும் ஷா-1 ரெப்போவும் ஒன்றோடொன்று ஃபெட்ச் செய்துகொள்ளும் நிலை வரும்வரை அதைத் தொடுவதாக இல்லை.